தாளில் மேலே இருந்த பள்ளம்

தம்பி, அம்மா சமாதிக்குக் கல் செய்யக் கொடுத்துவிட்டேன் என்று போன வாரம் போனில் சொன்னாய். கறுப்புக் கல், அதில் அவள் படம், கீழே பேரப்பிள்ளைகள் பெயர். அடுத்த மாதம் பிள்ளைகளோடு வந்து கல்லை நட்டு, பால் ஊற்றிவிட்டுப் போவதாகச் சொன்னாய். நானும் "சரிய்யா, வா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கல்லை நீ எங்கே நடப் போகிறாயோ அங்கே உன் அம்மா இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

நான் சொல்லச் சொல்லக் கலாதான் இதை எழுதுகிறாள். என் தங்கச்சி மகள், ரவாங்கில் தொழிற்சாலை ஆபிஸில் வேலை செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறவள். முதல் நாலு வரி எழுதியதும் பேனாவை வைத்துவிட்டாள். "மாமா, இத உங்க மகனுக்கு மட்டும் அனுப்பினாப் போதும்லா. கோயில் மலர்ல போட்டு ஊருக்கெல்லாம் எதுக்கு?" என்றாள். கும்பாபிஷேக மலரில் முன்னாள் தலைவர் என்று எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். வாழ்த்துச் சொல்வதற்கு. அந்தப் பக்கத்தில்தான் இது வர வேண்டும் என்று சொன்னேன். பொய்யை உனக்கு மட்டும் சொல்லியிருந்தால் உனக்கு மட்டும் அனுப்பலாம். நாற்பது குடும்பத்துக்குச் சொன்னேன். அவர்களும் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்டட்டும்.

நீ ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்து ஓர் உலக உருண்டையைப் பரிசாக வாங்கிவந்தாயே, நினைவிருக்கிறதா? தோட்ட லயத்து வீட்டு வாசலில் அதை வைத்துச் சுற்றிவிட்டாய். பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "நம்ம தோட்டம் எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். "தோட்டம் தெரியாதுப்பா. உங்க நகம் பட்டா மலேசியாவே மறைஞ்சிரும்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. முந்நூறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் நான். எழுத்துத் தெரியாவிட்டாலும் யார் எந்த நிரையில் ரப்பர் பால்மரம் வெட்டினார்கள், யார் வரவில்லை என்று மாதம் முழுவதையும் தலையில் வைத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் ஒப்பிப்பவன். என் தோட்டம் நகத்துக்கடியில் போய்விட்டது என்றால் எப்படி இருக்கும்? உன் அம்மா சிரித்துக்கொண்டே நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து நீ காட்டிய இடத்தில் ஒட்டினாள். "இந்தா, இதான் நம்ம வீடு. இனிமே யாரும் தொலைய மாட்டீங்க" என்றாள். அந்தப் பொட்டு சுமத்ரா வரைக்கும் மறைக்கிறது என்று நீ கத்தினாய்.

அன்றைக்கு நான் இன்னொன்றும் கேட்டேன். உருண்டைக்குக் கீழே இருக்கிற சனங்கள் விழுந்துவிட மாட்டார்களா என்று. "உருண்டைக்கு மேல கீழ எல்லாம் கெடையாதுப்பா. படம் போட்டவங்க வடக்க மேல வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்" என்றாய். பதினொரு வயதுப் பிள்ளை இலவசமாகக் கொடுத்த பாடம். காதில் வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நான் என்ன செய்தேன்? "போடா, பெரிய வெள்ளைக்காரத் தொரை" என்று தலையில் தட்டிவிட்டு எழுந்து போனேன்.

அதற்கு இரண்டு வருசம் கழித்து உன் அம்மா மூன்று நாள் காய்ச்சலில் போனாள். செம்மண் மேட்டுச் சுடுகாட்டில் அவளைப் புதைத்தோம். பேர்தான் சுடுகாடு, நம் தோட்டத்தில் யாரையும் எரித்ததில்லை, எல்லாரையும் புதைப்பதுதான். தோட்டத்திலேயே உயரமான இடம் அது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. யார் செத்தாலும் குழிக்குப் பக்கத்தில் நின்று தலை தெற்கே இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. மப்பாக இருந்து சூரியன் தெரியாத நாளிலும் எனக்குத் தெற்குத் தெரியும். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகத்துக்கு நேரே தெற்கு. உன் அம்மாவுக்கும் நான்தான் பார்த்து வைத்தேன்.

பிறகு தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு நாள் ஆபிஸுக்குக் கூப்பிட்டார்கள். உனக்கு அப்போது பதினைந்து. மலாயும் இங்கிலீஷும் தெரிந்தவன், எதற்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்று நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். மேசை நிறைய ஒரு பெரிய பிளானை விரித்து வைத்திருந்தார்கள். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், கிராணி, எனக்குப் பின்னால் நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர். கிராணி, "மண்டோரே, பச்சை அடிச்சிருக்குல்ல, அது உங்க சனங்களுக்கு. கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும். கம்பெனி அதத் தொடாது. நல்லாப் பாத்துக்குங்க" என்றார்.

நான் பார்த்தேன். பச்சைக் கட்டம் தாளின் மேல் ஓரத்தில் இருந்தது. நம் சுடுகாடு மேட்டில் இருக்கிறது. மேட்டில் இருப்பதைத் தாளிலும் உயரத்தில்தான் போட்டிருப்பான் என்று என் புத்தி சொன்னது. மரம் வரைந்தால் உச்சி மேலே, வேர் கீழே. நிலமும் அப்படித்தான் என்று நினைத்தேன். பச்சைக்குப் பக்கத்தில் நீலக் கோடு ஒன்று வளைந்து போனது. பெரிய ரோடு என்று நினைத்துக்கொண்டேன். தாளின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள். பள்ளத்தில் கட்டுகிறான், கட்டட்டும், வெள்ளம் வந்தால் அவன்பாடு என்று உள்ளுக்குள் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. சந்தேகமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் மண்டோருக்கு ஒன்றும் தெரியாது என்று ஏழெட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும். முழுங்கிவிட்டேன். "புரிஞ்சுதா?" என்றார் கிராணி. "புரியுது சார்" என்றேன். என் ஆயுசில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். மற்றதெல்லாம் அதன் குட்டிகள்.

அப்போதுதான் நீ மேசைக்கு மேல் குனிந்தாய். "அப்பா, இந்த அம்புக்குறியப் பாருங்க. வடக்கு இந்தப் பக்கம். இந்த நீலக் கோடு நம்ம ஆறு. பச்சை ஆத்தோரச் சேத்துலப்பா இருக்கு. அம்மா இருக்கிற மேடு இங்க, அடியில. அதுமேலதான் வீடு போட்டிருக்காங்க." நீ மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் ரூமில் எல்லாருக்கும் கேட்டது. எனக்குப் பின்னால் மாரிமுத்து, "என்ன மண்டோரே, மவன் உங்களுக்கே பாடம் எடுக்குறான்" என்றான். யாரோ சிரித்தார்கள். "பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கென்னடா" என்று உன்னை அறைந்தேன். அந்தக் கை சூடு ஆறுவதற்கு முன்னால் அதே கையின் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தேன். நீ அழவில்லை. கன்னத்தைத் தொடக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் உருண்டையைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். அதற்குப் பிறகு நீ எனக்கு எதையும் விளக்கிச் சொன்னதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட "அங்க எழுதியிருக்கு" என்பாய்.

சில வருசம் ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்தை மூடினார்கள், சனங்கள் புக்கிட் ரோத்தானுக்கும் ரவாங்குக்கும் சிதறினார்கள், நீ கோலாலம்பூருக்குப் படிக்கப் போனாய். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், எப்போதும் போல அரிவாளை எடுத்துக்கொண்டு உன் அம்மா சமாதியில் புல் வெட்டப் போனேன். மேட்டைச் சுற்றிச் சிங்க் தகரம் அடைத்திருந்தது. உள்ளே இயந்திரம் உறுமியது. இடுக்கில் பார்த்தேன். ஒரு பக்கம் வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். உன் அம்மா இருந்த பக்கத்தில் லோரி லோரியாகச் சிவப்பு மண் கொட்டி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவன் மலாயில் ஏதோ கேட்டான். நான் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். சத்தம் போட்டிருக்கலாம். ஆட்களைத் திரட்டியிருக்கலாம். திரட்டினால் முதல் கேள்வி, இதற்கு ஒப்புக்கொண்டது யார் என்பதுதான். என் கட்டைவிரல் அந்தத் தாளில் இருக்கிறதே.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், தம்பி, ஆற்றோரத்துப் பச்சை இடத்துக்குப் போய் உடைந்த செங்கற்களை வரிசை வரிசையாக நட்டேன். தலை தெற்கே இருக்கும்படி, ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள். பிறகு வந்தவர்களிடமெல்லாம், "கம்பெனிக்காரன் எலும்பையெல்லாம் மரியாதையா எடுத்து இங்க வச்சிட்டான். நான் கூடவே நின்னு தேங்காய் ஒடச்சேன்" என்றேன். இது உங்கள் அப்பா, இது உன் தங்கச்சி, இது நம்ம சின்னம்மா என்று கையைக் காட்டிக் காட்டிப் பிரித்துக் கொடுத்தேன். பழைய வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. அதனாலேயே எல்லாரும் நம்பினார்கள். மண்டோருக்கு மறக்காது என்று பேர் எடுத்தவன் அல்லவா? எனக்கு இருந்த ஒரே படிப்பு அந்த ஞாபகம்தான். அதை வைத்து என் சனங்களை ஏமாற்றினேன். மழைக்காலத்தில் அங்கே முட்டிவரைக்கும் தண்ணீர் ஏறும். "மண்டோரே, எங்கப்பா உசுரோட இருந்தப்பவே நீச்சல் தெரியாதவரு" என்று மாரிமுத்து ஒரு தடவை சொன்னான். விளையாட்டாகச் சொன்னானோ, தெரிந்து சொன்னானோ. ஆற்றங்கரை புண்ணியம் என்றேன். அவன் சூடத்தைக் கொளுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

உனக்கும் அதே கதைதான். ஆனால் நீ மாரிமுத்து இல்லை. பச்சை எங்கே இருக்கிறது, மேடு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்தவன். நீ சொன்னபடியே எல்லாம் நடந்த பிறகும், "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குக் கொடுத்த மரியாதையா, தண்டனையா என்று இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நியூசிலாந்துக்குப் போன பிறகு ஒரு தடவை, "அப்பா, போன்ல மேலேருந்து நம்ம எடத்தப் பாத்தேன். ஆத்தோரமா அம்மா இருக்கிற எடம் பச்சையாத் தெரியுது" என்றாய். உன் குரல் இளகியிருந்தது. நீ பார்த்தது கோரைப்புல். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன்மேலும் எனக்குக் கோபம்தான், மறைப்பானேன். வானத்திலிருந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு வந்து நின்று பார்க்கப் பதினோரு வருசம் ஆகிறது. அன்றைக்கு ஒரு அறையோடு ஏன் நிறுத்தினாய், இரண்டாவது தடவையும் சொல்லி இரண்டாவது அறையையும் வாங்கியிருக்கலாமே என்றுகூட நினைத்திருக்கிறேன். பிள்ளைமேல் இப்படியும் ஒரு தகப்பன் பழி போடுவான். போட்டிருக்கிறேன். தெரிந்துகொள்.

நாலு வருசத்துக்கு முன்னால் கலா போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அதென்ன என்று கேட்டேன். "இதுதான் மாமா பிளான். வடக்கு எப்பவும் மேல" என்றாள். "யாரு சொன்னது?" "படம் போட்டவன் சொன்னான்லா." நீ சொன்ன அதே வார்த்தை. தோட்டத்தை விட்டு வந்தபோது கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த உருண்டையை எடுத்தேன். பொட்டு உதிர்ந்து பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. "ஒங்க மவன் தலைகீழா தொங்குறாரு மாமா" என்று அடியில் நியூசிலாந்தைக் காட்டிச் சிரித்தாள். உருண்டையைக் கவிழ்த்துப் பிடித்தேன். நீ மேலே வந்தாய், நான் கீழே போனேன். உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா இது என்று இருந்தது. இவ்வளவுக்காகவா ஒரு பிள்ளையை அடித்தேன்?

கலா ஆபிஸில் அந்த இடத்தின் பிளானைத் தாளில் அச்சடித்து எடுத்துவந்தாள். இப்போது அங்கே தாமான் என்கிற குடியிருப்பு, வரிசை வரிசையாகக் கல்வீடு. பழைய தோட்டத்தில் மிஞ்சியது வாசலில் இருந்த அரசமரம் ஒன்றுதான். சீனக் குத்தகைக்காரன் வெட்டப் பயந்து, அடியில் சிவப்புச் சாமி மேடை ஒன்று வைத்து ஊதுபத்தி கொளுத்திவிட்டான். அந்த மரத்தடியில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தாளைத் திருப்பினேன். தாளில் இருக்கிற ஆறு என் வயிற்றுப் பக்கம் வரும் வரைக்கும் திருப்பினேன். "எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு மாமா" என்றாள். "எனக்கு அது எப்படி இருந்தாலும் ஒண்ணுதானே" என்றேன். யோசித்துப் பார், தம்பி. படித்தவன் எழுத்து நேராக இருக்க வேண்டும் என்று தாளைப் பிடிக்கிறான், நிலம் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. தாளை நிலத்துக்குத் திருப்ப வேண்டும். உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. கூடவே இதையும் சொல். ஒரு தாளை முன்னால் வைத்துப் புரிகிறதா என்று கேட்டால், புரியாதபோது புரியவில்லை என்று சொல்லும் வெட்கம் ஒரு நிமிசத்தோடு போய்விடும். என் வெட்கம் முப்பது வருசமாகப் போகவில்லை.

தாளில் ஒரு விரற்கடைக்கு நிலத்தில் எத்தனை அடி என்று கலா சொன்னாள். நான் அதை என் நடையாக மாற்றிக்கொண்டேன். இருட்டில் பால்மரம் வெட்டப் போன கால், அதற்குக் கணக்குத் தப்பாது. மரத்தடியிலிருந்து பழைய செம்மண் ரோடு போன வழியில் சுடுகாட்டு வாசலுக்கு இருநூற்றுப் பத்து நடை. அங்கிருந்து இடது கைப் பக்கம் முப்பத்திரண்டு. தாளிலும் அளந்தோம், நிலத்திலும் நடந்தோம், ஒரு வருசம். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஒரு மூலை வீட்டுக்குப் பக்கத்தில், கார் நிறுத்தச் சிமெண்டு போட்ட இடம். ஓரமாகச் சட்டியில் பாண்டான் இலைச் செடி. நான் அங்கே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அந்த வீட்டு மலாய்க்கார அம்மா வெளியே வந்து, பாச்சிக் என்று மாமா முறை வைத்து, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டாள். "கவான் லாமா" என்றேன். பழைய சிநேகிதம் என்று அர்த்தம். நாற்காலி போட்டு இனிப்பாக ஒரு தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன். உன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து குடித்தேன். மூன்று தீபாவளியாகப் போகிறேன். அந்த மலாய்க்கார அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அந்த வீட்டில் அவளால் தூங்க முடியுமா? அவள் என்ன தப்புச் செய்தாள்? அதனால்தான் தெருப் பெயரையும் வீட்டு நம்பரையும் இதில் எழுத வேண்டாம் என்று கலாவிடம் சொல்லிவிட்டேன்.

மலரைப் படிக்கிற நாற்பது குடும்பத்துக்கும் சொல்கிறேன். கும்பாபிஷேகம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அரசமரத்தடியில் நிற்பேன். ஒருவர் ஒருவராக வாருங்கள். உங்கள் ஆள் இருந்த இடத்தை நடந்து காட்டுகிறேன். மேட்டை வெட்டிய பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான் காட்ட ஒன்றும் இல்லை. அதையும் நேராகவே சொல்வேன். துப்ப வேண்டும் என்று நினைக்கிறவர்கள் துப்பலாம், துடைக்காமல் நிற்கிறேன். மாரிமுத்துவை முதலில் வரச் சொல்லுங்கள்.

தம்பி, நீ கல்லை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். பச்சையில் மட்டும் நடாதே. பேரப்பிள்ளைகள் பெயரைச் சேற்றில் நடாதே. வந்தால் தாளை நீ பிடி, முன்னால் நீ நட. நான் பின்னால் வருகிறேன். நீ சொல்லும் வழி எதுவானாலும் வாயைத் திறக்க மாட்டேன். அந்தச் சிமெண்டில் கார் நின்றால் நகர்த்தச் சொல்லாதே, ஓரமாக நின்றுகொள். பாலைக் கொஞ்சமாக ஊற்று. சிமெண்டு குடிக்காது, ஓடத்தான் செய்யும். எவ்வளவு வெட்டிச் சமப்படுத்தினாலும் எது பள்ளம் என்று தண்ணீருக்குத் தெரியும். பால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உன் பிள்ளைகளுக்குக் காட்டு. அதுதான் வடக்கு. ஆறும் அந்தப் பக்கம்தான், நான் செங்கல் நட்ட சேறும் அந்தப் பக்கம்தான். உங்கள் தாத்தா மேடு என்று நினைத்துக் கைநாட்டு வைத்தது அந்தப் பக்கத்துக்குத்தான் என்று சொல்.